கேன்வா போஸ்டரில் கதை காணாமல் போனால்

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிறுகதைக்குச் செய்த கேன்வா போஸ்டர்கள் அழகாக இருக்கின்றன, கதைதான் இல்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். டெம்ப்ளேட்டைக் கையில் கொடுத்தால் அப்படித்தான் வரும், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

ட்வைன் (Twine) முயன்று பாருங்கள், வாசிப்பவரின் தேர்வுக்கேற்பக் கிளை பிரியும் கதைகளை எழுத உதவும் கருவி அது. இலவசம், பிரவுசரிலேயே ஓடும். பாத்திரம் ஒரு முடிவெடுக்கும் இடத்தைப் பிடித்து, வேறு முடிவெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். [[கதவைத் திறந்தாள்]] என்று இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதினால் போதும், அதுவே அடுத்த பக்கத்துக்கு இணைப்பாகிவிடும். ஒவ்வொரு கிளைக்கும் மூலக்கதையிலிருந்து ஒரு வரியாவது ஆதாரம் கேளுங்கள். இல்லையென்றால் பேய், விபத்து என்று எங்கேயோ போய்விடும்!

அப்புறம், எழுதியது அந்த பிரவுசரில்தான் சேமிக்கப்படும். பொதுக் கணினி என்றால் வகுப்பு முடியும் முன்பே கோப்பாக இறக்கிக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.