இறகுத் தலையணி யாருக்கு உரியது?

கேள்வி: மேலை நாட்டு இசை விழாக்களுக்குச் செல்லும் இளைஞர்கள் அமெரிக்கப் பழங்குடியினரின் இறகுத் தலையணியை அணிவதற்கு எதிர்ப்பு எழுவது ஏன்? அழகை ரசித்து அணிவதில் என்ன தவறு?

பதில்: ரசிப்பதில் தவறில்லை, ஆனால் அது அலங்காரப் பொருளன்று. வட அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள பெருஞ்சமவெளியைச் சேர்ந்த லகோட்டா முதலிய பழங்குடிகளிடையே, ஒருவரது துணிவுக்கும் தொண்டுக்கும் மதிப்பளித்துச் சமூகம் ஒவ்வொன்றாக வழங்கும் கழுகு இறகுகளைக் கோத்து உருவாக்கப்படுவது அது. ஆகவே அதை அணியும் உரிமை பெற்றோர் அவர்களுள்ளும் சிலரே. விழாக்களுக்கென்று விற்கப்படுபவையோ பெரும்பாலும் சாயமேற்றிய கோழி, வான்கோழி இறகுகளை ஒட்டிய மலிவான போலிகள்.

என்னை மிகவும் வருத்துவது இதன் பின்னுள்ள வரலாறுதான். 1883-இல் அமெரிக்க அரசு வகுத்த விதிகளின்படி சூரிய நடனம் உள்ளிட்ட அம்மக்களின் சடங்குகள் தண்டனைக்குரிய குற்றங்களாயின. அவர்களது சமய உரிமையைக் காக்கும் சட்டம் 1978-இல்தான் வந்தது. தம் சடங்குகளுக்காகத் தண்டிக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் பார்த்திருக்க, அவர்களது புனித அடையாளத்தைப் பிறர் பொழுதுபோக்காக அணிவது எவ்வகையிலும் நியாயமாகாது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் நடக்கும் ஒஷியாகா இசை விழா 2015-இல் இத்தலையணிகளுக்குத் தடை விதித்தது மிகச் சரியான முடிவு.

அழகை ரசிப்பவர்கள், பழங்குடிக் கைவினைஞர்கள் விற்பனைக்கென்றே செய்யும் மணிவேலை நகைகளை அவர்களிடமே வாங்கி அணியலாம். பழங்குடியினர் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாகக் கூறி விற்பது, அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.