ராஸ்பெரி பை 4-இல் கேப்சர் குச்சியா, சிஎஸ்ஐ பலகையா?

வணக்கம் நண்பரே. ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினிக்குள் யூஎஸ்பி கேப்சர் குச்சி (கேமராவின் எச்டிஎம்ஐ படத்தை யூஎஸ்பி வழியாக உள்ளே எடுக்கும் கருவி) வழியாக கேம்கார்டர் படத்தை எடுத்தால் 1080பி-யில் நொடிக்கு 5 ஃபிரேம்தான் வருகிறது, சிஎஸ்ஐ பலகை (யூஎஸ்பி இல்லாமல், பையின் கேமரா இணைப்பான சிஎஸ்ஐ-யில் நேராகச் செருகுவது) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள், குச்சி கெட்டுப்போயிருக்க வாய்ப்பில்லை. ஒய்யூஒய்வி என்ற சுருக்காத ஃபார்மட்டில் 1080பி படம் 30 ஃபிரேமுக்கு நொடிக்குச் சுமார் 124 மெகாபைட் கேட்கும். யூஎஸ்பி 2.0 ஏட்டளவிலேயே 60 மெகாபைட்தான் தாங்கும். ஃபார்மட்டை எம்ஜேபெக் (ஒவ்வொரு ஃபிரேமையும் ஜேபெக் படமாகச் சுருக்குவது) என்று மாற்றி 1280x720 வைத்துப் பாருங்கள், ஓடிவிடும்.

இன்னொன்று, நீங்கள் ரேடியோவில் அனுப்பப்போவது டிவிபி-எஸ்2 என்ற டிஜிட்டல் டிவி முறையில்: நொடிக்கு 333 கிலோசிம்பல், கியூபிஎஸ்கே (ஒரு சிம்பலுக்கு 2 பிட்), எஃப்ஈசி 3/4 (நான்கில் ஒரு பங்கு பிழை திருத்தத்துக்கு). ஒலியையும் சேர்த்து மொத்தமே நொடிக்குக் கிட்டத்தட்ட 490 கிலோபிட். அதற்குள் 1080பி-யைத் திணித்தால் தலையை ஆட்டினாலே முகம் கட்டம் கட்டமாக உடையும்.

ஆனாலும் நான் பலகைப் பக்கம்தான். டோஷிபா டிசி358743 சிப் உள்ள பலகை படத்தைச் சுருக்காமலே தரும். அனுப்புவதற்கு எச்.264 ஆக (வீடியோவை இன்னும் சிறிதாகச் சுருக்கும் முறை) மாற்றும் முன் எம்ஜேபெக்கைப் பிரிக்கும் வேலை மிச்சம், தாமதமும் குறையும். ஒரே ஒரு விஷயம்: ஒவ்வொரு முறை பூட் ஆனதும் ஈடிஐடி-யை (திரை தன்னால் எந்தப் படத்தை ஏற்க முடியும் என்று கேமராவுக்குச் சொல்லும் தகவல்) பலகையில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் எதிரே திரையே இல்லை என்று நினைத்து கேமரா சும்மா இருக்கும். இது தெரியாமல் ஒரு மாலை முழுக்க கேபிள் மாற்றிக்கொண்டிருந்தேன்.

அப்புறம், இதற்காக பை 5-க்குப் போகாதீர்கள். அதில் எச்.264 ஹார்டுவேர் என்கோடர் (சுருக்கும் வேலைக்கென்றே உள்ள சுற்று) கிடையாது.