நாற்காலியில் இருப்பவர்

மதிப்பிற்குரிய ஐயா,

ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் கடலில், மார்லின் என்ற கூர்மூக்குப் பெருமீனைத் தூண்டிலில் பிடிக்கும் படகில் மூன்று நாள் இருந்துவிட்டு வந்து நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்க்காரன். அப்பா கைத்தூண்டில்காரர். மயில் மீனெல்லாம் பிடித்திருக்கிறார். உள்ளங்கையில் தங்கூசி (நைலான் தூண்டில் நூல்) அறுத்த தழும்பு அவருக்குக் கடைசி வரை இருந்தது. உங்கள் கட்டுரையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “இவ்வளவு பெரிய மீனப் பிடிச்சிட்டு திரும்ப விட்டுட்டானா?” என்று கேட்டுச் சிரித்தார்.

என் கேள்வி வேறு. அந்தப் படகை ஓட்டுவது ஒருவர், இரை கட்டுவது ஒருவர், கடைசியில் கையால் இழுப்பது ஒருவர். நீங்களோ, காசு கொடுத்து வந்து, தூண்டில் கோலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரை “மீனைப் பிடித்தவர்” என்று எழுதியிருக்கிறீர்கள். இது நியாயமா? அப்புறம், அங்கே வருவதெல்லாம் சினை மீன் என்றும் எழுதியிருந்தீர்கள். முட்டையிட வரும் மீனைப் போய்ப் பிடிப்பது பாவமில்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

“பிடித்தவர்” என்று எழுதியது பழக்கதோஷம். அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், நானும் யோசிக்காமல் எழுதிவிட்டேன். உங்கள் கடிதத்துக்குப் பிறகு யோசித்துப் பார்த்தால், அந்த மூன்று நாளில் நாற்காலிக்காரர் மீனுக்காக உழைத்த நேரம் மொத்தம் இரண்டு மணி நேரம் இருக்கலாம். மற்றவர்கள் விடியற்காலையிலிருந்து வேலை செய்தார்கள்.

கட்டுரையில் இரை கட்டுவதை ஒரு வரியில் தாண்டிவிட்டேன். அது தவறு. அங்கே காலை முழுக்க இரை பிடிக்கும் வேலைதான். சின்னச் சூரை, வங்கடை, சீலா வகை மீன்களைப் பிடித்து ஐஸில் போடுகிறார்கள். டெக்கி (படகின் கையாளை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள்) பின்பக்கம் ஒரு பலகைமுன் நின்றுகொண்டு, நீண்ட ஊசியும் மெழுகு பூசிய நூலுமாக மீனின் வாயைத் தைக்கிறார். தண்ணீர் உள்ளே புகுந்தால் இரை கிழிந்துவிடும். செவுளையும் சேர்த்துத் தைத்து, தலைக்கு மேலே ஒரு வளையம் போட்டு, அதில் தூண்டில் முள்ளைக் கட்டுகிறார். ஒரு இரை நீருக்கு அடியில் நீந்துவதுபோல் வர வேண்டும். இன்னொன்று மேல்மட்டத்தில் துள்ளித் துள்ளி வர வேண்டும். இரண்டுக்கும் தையல் வேறு. நான் பார்த்த பையனுக்கு இருபத்துமூன்று வயதுதான் இருக்கும். தைத்து முடித்ததைக் கடலில் விட்டு, பத்து விநாடி பார்த்தான். அது பக்கவாட்டில் சுழன்றது. பேசாமல் இழுத்து எடுத்து, நூலை அறுத்து, முதலிலிருந்து தைத்தான். நாற்காலிக்காரர் அப்போது உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தார்.

நண்பகலுக்கு மேல்தான் மார்லினுக்குப் போவது. ரிப்பன் ரீஃப் என்று வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் பவளத்திட்டுகளின் வெளி ஓரம் அது. திட்டுகளுக்குப் பெயர்கூட இல்லை, 1 முதல் 10 வரை எண்தான். உள்பக்கம் பச்சைத் தண்ணீர். வெளிப்பக்கம் தரை சட்டென்று இறங்கிவிடும், தண்ணீர் மைக்கருப்பு. அந்தச் சரிவையொட்டியே இரைகளை இழுத்துக்கொண்டு மேலும் கீழுமாகப் போய்வருகிறார்கள், பொழுது சாயும் வரை. செப்டம்பரில் தொடங்கி டிசம்பர் முதல் வாரங்களோடு முடிகிற சீசன். அக்டோபர் பாதி வரை தென்கிழக்குக் காற்று ஓயாது. நவம்பரில் கடல் சற்று படியும். தினமும் கெய்ன்ஸுக்குத் திரும்ப முடியாத தூரம் என்பதால் வாரக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். நான் போன படகில் குளிப்பதற்கு ஆளுக்கு இரண்டு நிமிடத் தண்ணீர்.

இந்த இடம் பேர் வாங்கியது 1966 செப்டம்பரில். ஜார்ஜ் பிரான்ஸ்ஃபோர்ட் என்ற அமெரிக்கர் கெய்ன்ஸில் குடியேறி, ‘சீ பேபி’ என்ற படகை வைத்துக்கொண்டு இந்தக் கடலில் ராட்சத மார்லின் இருக்கிறது என்று நம்பித் திரிந்தவர். அந்தப் படகில் ரிச்சர்ட் ஓபாக் என்பவர் 1,064 பவுண்டு கறுப்பு மார்லினைப் பிடித்தார். நம் கணக்கில் சுமார் 483 கிலோ. அதற்கப்புறம் உலகத்துப் பணக்காரர்களெல்லாம் வரத் தொடங்கினார்கள். ஹாலிவுட் நடிகர் லீ மார்வினும் இங்கே பல சீசன்களில் வந்து தூண்டில் போட்டவர். ஓபாக்கின் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. அன்றைக்கு அந்த மீனுக்கான இரையைத் தைத்தது யார் என்று நான் படித்த எதிலும் இல்லை. உங்கள் கேள்வி இதுதானே?

சரி, நாற்காலிக்காரருக்கும் கொஞ்சம் நியாயம் செய்ய வேண்டும். சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதி கறாரானது. மீன் மாட்டியதிலிருந்து தூண்டில் கோலையோ, நூல் சுற்றும் ராட்டையையோ, நரம்பையோ (தூண்டில் நூலை) வேறு யார் தொட்டாலும் அந்த மீன் சாதனைக் கணக்கில் வராது. மீன் இழுக்கும்போது நரம்பு சுலபமாக ஓடாதபடி இறுக்கும் ராட்டையின் பிடியை 20 கிலோவுக்கு மேல் வைத்திருப்பார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து நின்று அதை அரை மணி நேரம் தாங்கினால் தொடை நடுங்கும். நான் ஒரு தடவை, மீன் இல்லாமலே, வெறும் எடையைக் கட்டி முயன்று பார்த்தேன். நான்கு நிமிடம். அதற்கு மேல் வெட்கத்தை விட்டுக் கேட்டு இறங்கிவிட்டேன்.

ஆனால் அவர் சுற்றி எடுக்கும் நரம்பில் பாதிக்கு மேல் ஸ்கிப்பர் (படகை ஓட்டுபவர்) கொடுத்த வரம். மீன் ஓடும் பக்கம் பார்த்து, படகைப் பின்பக்கமாகவே வேகமாக ஓட்டுகிறார். பின்பலகைக்கு மேல் அலை ஏறி அடிக்கிறது, எல்லோரும் நனைகிறோம், நரம்பு தொய்கிறது, அந்தத் தொய்வைத்தான் நாற்காலிக்காரர் சுற்றுகிறார்.

கடைசிக் கட்டம்தான் உங்கள் அப்பாவின் இடம். நரம்பின் நுனியில் தடித்த நைலான் இருக்கும், லீடர் என்பார்கள். விதி சொல்லும் நரம்பில் இது சேராது, அடுத்தவர் தொடலாம். அதிகபட்சம் 30 அடி இருக்கலாம். முன்னாளில் உலோகக் கம்பி என்பதால் இன்றும் அதைக் கையில் பிடிப்பதற்குக் ‘கம்பி பிடித்தல்’ என்றுதான் பெயர். டெக்கி தடித்த கையுறையோடு அதை உள்ளங்கையில் இரண்டு சுற்று சுற்றி, முழங்கால்களைப் பலகையில் முட்டுக்கொடுத்து, கை வலுவால் மட்டுமே மீனைப் பக்கத்தில் கொண்டுவருகிறார். 400 கிலோ மீன், இன்னும் சாகாத மீன், மூன்று மீட்டர் தள்ளி. அது திரும்பிப் பாய்ந்தால் கையை விரிக்க வேண்டும். விரித்தால் சுற்று தானே கழன்றுவிடும்படி சுற்றியிருக்க வேண்டும். கழலாமல் ஆளையும் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போய் உயிர் போன சம்பவங்கள் உலகத்தில் உண்டு. இரண்டாம் நாள் அந்தப் பையன் மூன்று முறை கையை விரித்தான், நான்காம் முறைதான் மீன் நின்றது. நான் பார்த்துக்கொண்டிருந்தது மீனை அல்ல, அவன் விரல்களை. இதையும் கட்டுரையில் எழுதவில்லை, மீன் துள்ளியதைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்.

அம்மாவின் சிரிப்புக்கு வருகிறேன். ஆமாம், இப்போது அநேகமாக எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். முதுகில் ஒரு அடையாளச் சீட்டைக் குத்தி விடுவதும் உண்டு. நியூ சவுத் வேல்ஸ் அரசு 1973 முதல் நடத்தும் திட்டம் அது. இங்கே சீட்டுக் குத்திய மீன்கள் பசிபிக்கில் வெகுதூரம் தள்ளிப் பிடிபட்டிருக்கின்றன. வணிகப் படகுகள் கறுப்பு மார்லினைக் கரைக்குக் கொண்டுவரவும் ஆஸ்திரேலியாவில் தடை. எடையையும் நிறுப்பதில்லை. சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 800ஆல் வகுத்தால் பவுண்டு வரும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் நீரில் புரளும் மீனுக்கு யார் நாடா பிடிப்பது? கண்ணளவுதான். மத்தியானம் 800 பவுண்டாக இருந்த மீன் இரவுச் சாப்பாட்டில் 900ஐத் தாண்டிவிட்டது.

பாவம் பற்றிக் கேட்டீர்கள். பெரியவை எல்லாமே பெண் மீன்கள், ஆண் 200 கிலோவை எட்டுவதே அபூர்வம். முட்டையிடத்தான் இந்த மாதங்களில் இங்கே கூடுகின்றன, அதனால்தான் இது சீசன். விட்ட மீனெல்லாம் பிழைக்கிறது என்று சொல்ல மாட்டேன். நுனி உள்நோக்கி வளைந்த வட்டத் தூண்டில் முள் வந்த பிறகு அது தொண்டைக்குள் போகாமல் வாயோரத்தில் மாட்டுகிறது, அது நல்ல மாற்றம். ஆனாலும் களைத்த மீனைச் சுறா விடாது. அந்த இரண்டாம் நாள் மீன் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. பையன் குனிந்து அதன் கூர்மூக்கைப் பிடித்துக்கொண்டான். செவுளில் தண்ணீர் ஓடட்டும் என்று ஸ்கிப்பர் படகை மெதுவாக முன்னே நகர்த்தினார். ஏழெட்டு நிமிடம் யாரும் பேசவில்லை. பக்கவாட்டில் இருந்த சாம்பல் நிறம் கொஞ்சம் நீலமாகியது. வால் ஒரு தடவை அசைந்தது. பையன் கையை எடுத்தான். அது நேராகக் கீழே போயிற்று. பிழைத்ததா, அடியில் யாருக்காவது இரையானதா, எனக்குத் தெரியாது. ஒரு நாள் வாடகை ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து இதைச் செய்ய வேண்டுமா என்றால், நான் செய்ய மாட்டேன். செய்கிறவரை உங்கள் அளவுக்குத் திட்டவும் வாய் வரவில்லை, அவர் சாப்பாட்டைத்தான் மூன்று நாளும் சாப்பிட்டேன்.

நீங்கள் எனக்கு ஒரு பதில் சொல்லுங்கள். அப்பா தங்கூசியைக் கையில் சுற்றிப் பிடிப்பாரா, இல்லை விரல்களுக்கு நடுவே நழுவ விடுவாரா? மயில் மீன் பாய்ந்தால் எப்படிக் கையை எடுப்பார்? அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், கேட்டு எழுதுங்கள்.