தேத்தண்ணிக்குக் கூப்பிட்டால் மனம் திறக்குமா?

கேள்வி: எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியில், பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்கத் தனியே வாழும் முதியவர்கள் பலர். மனநலக் கருத்தரங்கு என்று அறிவித்தல் ஒட்டினோம், ஒருவரும் வரவில்லை. "வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்று நாம் நாளாந்தம் சொல்வதையே பெயராக வைத்து வாரமொருமுறை கூட யோசிக்கிறோம். பலன் இருக்குமா, டொக்டர்?

பதில்: இருக்கும், தாராளமாகத் தொடங்குங்கள். மனநல ஆஸ்பத்திரி இருப்பதாலேயே 'அங்கொடை' என்ற ஊர்ப்பெயரை ஏச்சாக்கி வைத்திருக்கிற சமூகம் நாங்கள். மனநலம் என்று எழுதிய இடத்துக்கு வர ஒரு அம்மா கூச்சப்படுவது இயல்பு. தேத்தண்ணிக்கு வர அந்தக் கூச்சம் இராது.

சிம்பாப்வேயின் ஹராரே நகரில் மனநல மருத்துவர் டிக்சன் சிபண்டா 2006இல் தொடங்கிய முயற்சி உங்களுக்கு உற்சாகம் தரும். அங்கே பயிற்சி பெற்ற பாட்டிமார் மருத்துவ நிலைய வாசலில், வாங்கில் இருந்து கதை கேட்கிறார்கள். நோயின் பெயரைச் சொல்லாமல், சனங்கள் வழக்கமாகச் சொல்லும் 'யோசனை கூடிப்போச்சு' என்ற பேச்சிலிருந்தே தொடங்குகிறார்கள். இதில் மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆனால் கூப்பிடுவது பாதி வேலைதான். வந்தவர் வாய் திறந்ததும் "ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, எல்லாம் சரிவரும்" என்று நாம் பாசத்தோடுதான் சொல்கிறோம். அவர் சொல்ல வந்தது அத்தோடு நின்றுவிடுகிறது. "பிறகு என்ன நடந்தது?", "இரவில நித்திரை வருதோ?" என்று கேளுங்கள், இடையில் மௌனம் வந்தால் பொறுத்திருங்கள். கேட்ட கதை அடுத்த மாடிக்குப் போகவே கூடாது. ஒருமுறை போனால், பிறகு யாரும் வரமாட்டார்கள்.

முதியவர்கள் துக்கத்தைத் துக்கமென்று சொல்வது குறைவு. தலையிடி, நாரி உளைவு, சாப்பாட்டில் மனமில்லை என்பார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். தைரொயிட் குறைபாடும் விற்றமின் பி12 குறைபாடும்கூட இப்படிச் சோர்வைத் தரும். நெஞ்சுநோ என்றால் கதை கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

"நான் இருந்து என்ன பிரயோசனம்" என்று ஒருவர் சொன்னால், சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பலருக்கு அது ஆறுதல். ஆம் என்றால் தனியே விடாதீர்கள், குளிசைகளை எட்டாத இடத்தில் வையுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது களுபோவில வைத்தியசாலைக்கு நேரே கூட்டிச் செல்லுங்கள்.

கூடும் நேரத்தைப் பின்னேரம் மூன்று மணியளவில் வையுங்கள். பிந்திக் குடிக்கும் தேத்தண்ணி நித்திரையைக் கெடுக்கும். வழமையாக வருபவர் ஒருநாள் வராவிட்டால் அன்றைக்கே போய்க் கதவைத் தட்டுங்கள்.