முழங்கால் தேய்மானத்துக்கு எந்த சைக்கிள்?

கேள்வி: எனக்கு 61 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவர், வீட்டிலேயே உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்கலாம் என்றார். மகன் இணையத்தில் தள்ளுபடியில் ஒரு ஸ்பின் பைக் பார்த்து வைத்திருக்கிறான். நான் 5 அடிக்கும் குறைவு. வீடு நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. அதை வாங்கலாமா?
- ஈசூன் வாசகி

பதில்: அன்புச் சகோதரி, அந்த ஸ்பின் பைக் வேண்டாம். உங்கள் பிள்ளை அக்கறையோடுதான் தேடியிருக்கிறார், ஆனால் அது உங்கள் மூட்டுக்கு ஏற்றதில்லை. முன்னால் குனிந்து ஓட்டுவதால் கைகளிலும் பாரம் இறங்கும். பெரும்பாலான ஸ்பின் பைக்கில் சக்கரமும் பெடலும் சேர்ந்தே சுற்றும். வலி எடுத்து நீங்கள் மிதிப்பதை நிறுத்தினாலும், பிரேக் பிடிக்கும்வரை அந்தக் கனமான சக்கரம் காலை இழுத்துக்கொண்டே போகும்.

மருத்துவர் சொன்னது நல்ல யோசனைதான். சைக்கிளில் உடல் எடையை இருக்கை தாங்குகிறது. மூட்டு அதிர்வில்லாமல் அசைகிறது, தொடைத் தசையும் வலுவாகிறது. உங்களுக்கு ஏற்றது சாய்வு இருக்கை சைக்கிள். கடையில் 'ரிகம்பென்ட்' என்று கேளுங்கள். முதுகுக்குச் சாய்மானம் இருக்கும், பெடல் முன்பக்கம் இருக்கும். காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டாம், நாற்காலியில் உட்காருவதுபோல் உட்காரலாம். முட்டி வலி உள்ளவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். அதனால் இதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஒரு குறை, நீளம். ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் இடம் பிடிக்கும். அறையை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பொது நடைபாதையில் வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், தீ விபத்து நேர்ந்தால் எல்லாரும் ஓட வேண்டிய வழி அது.

அப்புறம், உட்கார்ந்து பார்க்காமல் வாங்காதீர்கள். உங்கள் உயரத்துக்கு இது கட்டாயம். இருக்கையை முடிந்தவரை முன்னால் தள்ளியும் கால் எட்டாத சைக்கிள்கள் நிறைய உண்டு. பெடல் உங்களைவிட்டு மிகத் தள்ளி இருக்கும் நிலையில் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும், நேராக நீட்டிய காலிலிருந்து சுமார் 25 முதல் 35 பாகை. இருக்கை மிகக் கிட்டே இருந்தால் முட்டி அதிகம் மடங்கி, முட்டிச் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் ஏறி, முன்பக்கம் வலிக்கும். எட்டி எட்டி மிதித்தால் முட்டியின் பின்பக்கம் இழுக்கும், இடுப்பும் ஆடும். வீட்டில் மற்றவர்களும் ஓட்டுவார்கள் என்றால், உட்கார்ந்தபடியே இருக்கையை நகர்த்தும் பிடி இருக்கிறதா என்று பாருங்கள்.

காந்தத் தடை (மிதிக்கும் பாரத்தைக் காந்தத்தால் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) உள்ளதாக வாங்குங்கள். சத்தம் குறைவு, மிதிப்பு சீராக இருக்கும். மிகக் குறைந்த அளவில் வைத்து மிதித்துப் பாருங்கள். அதுவே பாரமாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள். திரையில் எத்தனை வசதி இருக்கிறது என்பதெல்லாம் முக்கியமில்லை, அதற்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

அவசரம் இல்லையென்றால், உங்கள் வட்டாரத்து ஆக்டிவ்எஸ்ஜி (ActiveSG) பொது உடற்பயிற்சிக் கூடத்தில் இந்த வகை இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் சில வாரம் அங்கே ஓட்டிப் பார்த்தபின் முடிவு செய்யலாம். அடுத்த முறை மருந்தகம் போகும்போது இயன்முறை சிகிச்சையாளரிடம் உங்கள் முட்டி எவ்வளவு மடங்குகிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். செங்கோணத்தைத் தாண்டிக் கொஞ்சமாவது மடங்காவிட்டால் பெடல் முழுச் சுற்று வராது. அப்படியென்றால் வாங்குவதை அவர் சொல்லும்வரை தள்ளிப் போடுங்கள்.

தொடக்கத்தில் 5 முதல் 10 நிமிடம் போதும், மிகக் குறைந்த தடையில். ஓட்டும்போது லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம். ஆனால் மறுநாள் காலையில் வழக்கத்தைவிட அதிகம் வலித்தால் நேரத்தைப் பாதியாக்குங்கள். முட்டி வீங்கினாலோ, சூடாக இருந்தாலோ, மடக்கவோ நீட்டவோ முடியாமல் பூட்டிக்கொண்டாலோ சைக்கிளை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.