அரசு அலுவலகத்தில் பாகுபாடு: புகாரைத் தள்ளிவிட்டால் மேல்முறையீட்டில் பலன் உண்டா?

கேள்வி: குமரி மாவட்டத்தில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. என்னிடம் பாகுபாடு காட்டுகிறார்கள் என்று கொடுத்த புகாரை 'ஆதாரமில்லை' என்று முடித்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்தால் ஏதாவது நடக்குமா?

நடக்கும். ஆனால் அதே புகாரை மறுபடி டைப் அடித்து மேலே அனுப்பினால் நடக்காது.

நாகர்கோவிலில் ஊழியர் சங்க வேலையாகப் பல காலம் அலைந்தவன் நான். என்னிடம் வந்த மனுக்களில் முக்கால்வாசி ஒரே மாதிரி இருக்கும்: அதிகாரி என்ன சொன்னார், எல்லார் முன்னாலும் எப்படி அவமானப்படுத்தினார், ராத்திரி தூக்கமே இல்லை. அத்தனையும் உண்மையாகவே இருக்கும். ஆனால் புகாரைத் தள்ளிய ஆணையில் ஒரு காரணம் எழுதியிருப்பார்களே, அதற்கு மனுவில் ஒரு வரி பதில் இருக்காது. மேலே இருப்பவருக்கு வேலை சுலபம். 'தலையிட முகாந்திரம் இல்லை' என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்.

'எனக்குத் தரவில்லை' என்பது வெறும் குறை. 'என் நிலையில் இருக்கும் இன்னொருவருக்குத் தந்தீர்கள், எனக்குத் தராததற்கு நீங்கள் சொல்லும் காரணம் உங்கள் கோப்பிலேயே நிற்கவில்லை' என்று காட்டினால்தான் அரசியலமைப்பின் 14, 16 பிரிவுகள் (சட்டத்தின் முன் சமத்துவம், அரசு வேலையில் சம வாய்ப்பு) துணைக்கு வரும்.

விளவங்கோடு பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி, காது கேட்காதவள். கேட்ட சீட்டை, அதாவது அந்த மேஜைக்குரிய வேலையை, தரவில்லை. 'இந்த இருக்கையில் தொலைபேசி எடுக்க வேண்டும்' என்று ஆணை. நாலு பக்கத்துக்கு மனு எழுதிக்கொண்டு வந்தாள். மூன்று பக்கத்தை அடித்துவிட்டு, அந்தப் பிரிவின் பணிப் பங்கீட்டு ஆணையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கினோம். அந்த சீட்டுக்கு எழுதியிருந்த வேலைகளில் தொலைபேசி என்ற வார்த்தையே இல்லை! அங்கே முன்பு இருந்தவரின் மேஜையில் போன் இருந்தது, அவ்வளவுதான். அந்த ஒரு தாளை இணைத்து, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு ஒரே பக்கத்தில் கொடுத்தோம். வேலை செய்யத் தேவையான வசதியை அரசு அலுவலகமே செய்து தர வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. சீட் கிடைத்தது. போன் பக்கத்து மேஜைக்குப் போனது.

அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு அரசு அலுவலகமும் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, புகார்ப் பதிவேடு வைத்து, பதிவான இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். திருப்தி இல்லை என்றால் மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகலாம். பதிவேட்டின் நகலைக் கேட்டுப் பாருங்கள்; பல இடங்களில் அன்றைக்குத்தான் நோட்டுப் புத்தகம் வாங்குவார்கள்.

உங்கள் பாகுபாடு எந்த வகை என்று சொல்லவில்லை. சாதி அடிப்படையில் என்றால் தேசிய பட்டியல் சாதிகள் ஆணையத்துக்கு எழுதலாம். கோப்பை வரவழைக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. பல அதிகாரிகள் அந்தக் கடிதத்துக்கே பயப்படுவார்கள். ஆனால் நீதிமன்றம் போலத் தடை உத்தரவு போட அதனால் முடியாது என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

இனி காலக்கெடு. பெரும்பாலான மத்திய சிவில் ஊழியர்களுக்குப் பொருந்தும் 1965-ஆம் ஆண்டு மத்திய சிவில் பணிகள் (வகைப்பாடு, கட்டுப்பாடு, மேல்முறையீடு) விதிகளில் துறை மேல்முறையீட்டுக்கு 45 நாள். மரியாதைக் குறைவான சொல் இருக்கக் கூடாது என்றும் அதே விதிகளில் இருக்கிறது, கோபத்தை வீட்டில் வைத்துவிட்டு எழுதுங்கள். ஆறு மாதம் பதில் வராவிட்டால், மத்திய அரசு ஊழியர்களின் பணி வழக்குகளைக் கேட்கும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பதில் வந்தால் அந்த ஆணையிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். நம் ஆட்கள் கோட்டை விடுவது இங்கேதான். 'இன்னொரு மனு கொடுத்துப் பார்ப்போம்' என்று நினைவூட்டலுக்கு மேல் நினைவூட்டல் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். திரும்பத் திரும்ப மனு கொடுப்பதால் காலக்கெடு நீளாது என்பது 1989-லிருந்தே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு விசேஷம் உண்டு. தமிழ்நாட்டுக்கான தீர்ப்பாய அமர்வு சென்னையில் இருக்கிறது, கேரளத்துக்கானது எர்ணாகுளத்தில். நாகர்கோவில் ரயில்வே ஊழியருக்குக் கோட்ட அலுவலகம் திருவனந்தபுரம். ஆணை அங்கே பிறந்தது என்றால், பிரச்சினை எழுந்த இடம் என்ற அடிப்படையில் எர்ணாகுளத்திலும் மனுப் போட இடம் உண்டு. வடசேரியில் பஸ் ஏறி சென்னைக்கு அலைவதை விட அது பக்கம். மனுக் கட்டணம் 50 ரூபாய், வக்கீல் செலவு தனி. தீர்ப்பாயத்திலும் தோற்றால் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு.

படிக்கிறவர்களில் மாநில அரசு ஊழியர்கள் இருந்தால்: உங்களுக்கு இந்தத் தீர்ப்பாயம் கிடையாது. துறை மேல்முறையீடு முடிந்ததும் நேரே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனுதான்.

தள்ளுபடி ஆணையைப் பெயர்களை மறைத்துவிட்டுக் கருத்துப் பெட்டியில் போடுங்கள், முக்கியமாகக் காரணம் எழுதியிருக்கும் பத்தி. உங்களுக்கு அது கிடைத்த தேதியையும் சொல்லுங்கள்.