கேட்காமல் வந்த ஆறாயிரம் லிங்க்

கேள்வி: கருவாடு விற்கும் எங்கள் கடைக்குச் சின்னதாக ஒரு வலைத்தளம் இருக்கிறது. ராமேஸ்வரம் சுற்றுலா பற்றிய தளம் ஒன்று, எங்களைக் கேட்காமலே தன் எல்லாப் பக்கங்களின் அடியிலும் எங்கள் லிங்க்கைப் போட்டிருக்கிறது. கூகுள் தேடலில் நம் தளத்தின் நிலையைக் காட்டும் சர்ச் கன்சோல் 6,200 லிங்க் என்று காட்டுகிறது. கூகுளில் கீழே போய்விடுவோமா?
- வாசகர், பாம்பன்

பதில்: இதனால் போகமாட்டீர்கள். அந்தத் தளத்துக்காரர் ஃபுட்டரில், அதாவது பக்கத்தின் அடிப்பகுதியில், சேர்த்தது ஒரே ஒரு வரி. எல்லாப் பக்கமும் அதே டெம்ப்ளேட்டில் (பொதுவான பக்க வடிவத்தில்) ஓடுவதால் எண் அப்படி வீங்கித் தெரிகிறது.

இந்தப் பயம் 2012 ஏப்ரலில் பிறந்தது. காசு கொடுத்து ஃபுட்டர் லிங்க் வாங்கிக் குவித்த தளங்களைக் தேடல் வரிசையை மாற்றிய கூகுளின் பெங்குயின் அப்டேட் அன்று சரித்துப் போட்டது. 2016 செப்டம்பரில் பெங்குயின் 4.0 வந்த பிறகு, மோசமான லிங்க்கைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே வழக்கமாகிவிட்டது. பழைய பயத்தை வைத்துப் பிழைப்பவர்கள் மட்டும் இன்னும் இருக்கிறார்கள்.

முதலில் சர்ச் கன்சோலில் 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' பகுதியைத் திறங்கள். கூகுள் ஊழியர்களே பார்த்து விதிக்கும் தண்டனை இருந்தால் அங்கே தெரியும். குறை எதுவும் இல்லை என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. அடுத்து அந்தச் சுற்றுலாத் தளத்தின் ஏதாவது ஒரு பக்கத்தைக் கணினியில் திறந்து, கன்ட்ரோல்-யு அழுத்தி, வரும் மூலநிரலில் உங்கள் முகவரியைத் தேடுங்கள். அதன் அருகிலேயே 'நோஃபாலோ' (இந்த லிங்க்கைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளுக்குச் சொல்லும் குறி) என்றிருந்தால் மேற்கொண்டு யோசிக்க எதுவுமில்லை. இல்லாவிட்டால் எந்தச் சொல்லில் லிங்க் கொடுத்திருக்கிறார் என்று பாருங்கள். கடைப் பெயரிலோ முகவரியிலோ இருந்தால் அப்படியே விடலாம். 'மலிவு விலை நெத்திலிக் கருவாடு ஆன்லைன்' என்பதுபோல இருந்தால் காசு கொடுத்துப் போட்டதுபோலத் தெரியும். நோஃபாலோ சேர்க்கச் சொல்லி ஒரு மெயில் அனுப்புங்கள். உதாரணத்துக்கு ஒரு பக்க முகவரி போதும், டெம்ப்ளேட்டில் ஓர் இடத்தில் திருத்தினால் எல்லாம் மாறிவிடும். எடுக்கச் சொல்ல அவசரப்படாதீர்கள். தனுஷ்கோடி பார்க்க வருகிறவர் அந்த வழியாக உங்கள் கடைக்கும் வரலாம். அனலிடிக்ஸில் 'ரெஃபரல்' கணக்கை, அதாவது பிற தளங்கள் வழியாக வந்தவர்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அவர் எடுத்தே விட்டாலும் 6,200 மறுநாளே பூஜ்யமாகாது. கூகுள் அத்தனை பக்கங்களையும் திரும்பப் படித்து முடிக்க மாதங்கள்கூட ஆகும்.

கேள்வி: எங்கள் ஹோம்ஸ்டே தளத்துக்கு வெளிநாட்டுச் சூதாட்டத் தளம் ஒன்றிலிருந்து ஆயிரக்கணக்கில் லிங்க். எடுக்கப் பணம் கேட்டு மெயிலும் வருகிறது.
- வாசகர், தங்கச்சிமடம்

பதில்: பணம் கொடுக்காதீர்கள், பதிலும் போடாதீர்கள். ஆனால் அந்த லிங்க்குகள் உங்கள் தளத்தின் எந்தப் பக்கத்துக்கு வருகின்றன என்று பாருங்கள். நீங்கள் உருவாக்காத பக்கத்துக்கு வந்தால், தளத்துக்குள் யாரோ புகுந்திருக்கலாம். அப்போது லிங்க்கை மறந்துவிட்டு, பாஸ்வேர்டையும் பழைய பிளகின்களையும் (தளத்தில் சேர்த்த கூடுதல் மென்பொருள்கள்) கவனியுங்கள்.

கேள்வி: இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளுக்குச் சொல்லும் டிஸவோ கோப்பு எப்படி எழுதுவது?
- வாசகர், கீழக்கரை

பதில்: மேனுவல் ஆக்‌ஷன் வந்திருந்தால், அல்லது முன்பு நீங்களே லிங்க் வாங்கியிருந்து அந்தத் தண்டனை வரும் என்று தோன்றினால் மட்டும் எழுதுங்கள். நோட்பேடில் வரிக்கு ஒரு தளம். ஆங்கிலத்தில் 'டொமைன்', முக்காற்புள்ளி (:), இடைவெளி விடாமல் தள முகவரி; முன்னால் எச்டிடிபி வேண்டாம். யூடிஎஃப்-8 டெக்ஸ்ட் கோப்பாகச் சேமியுங்கள். 2 எம்பி, 1,00,000 வரி வரை ஏற்கும். எல்லாப் பக்கங்களிலும் வரும் சைட்வைட் லிங்க்கில் பலர் தவறுவது இங்கேதான்: பக்கம் பக்கமாக முகவரி எழுதினால் பட்டியலில் வராத பக்கங்கள் தப்பிவிடும்.

டிஸவோ கருவி சர்ச் கன்சோல் மெனுவில் இருக்காது, தனியாகத் தேடித் திறக்க வேண்டும். சர்ச் கன்சோலில் முழு டொமைனாக, 'டொமைன் பிராப்பர்ட்டி'யாகப் பதிந்த தளத்தை அது ஏற்காது. எச்டிடிபி-யோடு முழு முகவரி கொடுக்கும் 'யூஆர்எல் பிரிஃபிக்ஸ்' முறையிலும் பதியுங்கள். புதுக் கோப்பு ஏற்றினால் பழையது அழிந்துவிடும் என்பதால் பழைய வரிகளையும் அதிலேயே சேர்த்து ஏற்றுங்கள். ஏற்றிய பிறகும் அந்த லிங்க்குகள் ரிப்போர்ட்டில் தெரிந்துகொண்டுதான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு மறுபடி ஏற்ற வேண்டாம்.